அளவுக்கு ஒரு ஆள்

முதல் அடி விழுந்தபோது அன்புராசா தன்னுடைய கமரா ஸ்ராண்டைப் பற்றித்தான் கவலைப்பட்டார். நல்ல ஸ்ராண்ட். காட்டுக்குள் தூக்கிக்கொண்டு நடக்கப் பாரமில்லாதது. ஆனால் அதை ஒருவருடைய முதுகில் போட்டு அடித்தால் கால் வெடித்துவிடும். இரண்டாவது அடியில் வெடித்தும்விட்டது. மூன்றாவது அடிக்குப் பிறகுதான் அது தன்னுடைய முதுகு என்கிற நினைப்பே அவருக்கு வந்தது.

அடித்தவன் கஜீவன். ஸ்காபரோவில் மோர்னிங்சைட் பக்கம் இருப்பவன், கிடங்கொன்றில் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலை, கை இரண்டும் உலக்கை. அடிக்கும்போதும் “அண்ணை” என்றுதான் சொன்னான். மரியாதை தெரிந்த பிள்ளை.

“எங்கை அண்ணை வைச்சிருக்கிறியள் அவனை? சொல்லுங்கோ.”

மேசையில் ஒரு படம் கிடந்தது. கண்ணாடிச் சட்டம் போட்ட பெரிய படம். வெள்ளைப் பாறைக்கரை, அதற்கு அப்பால் பச்சையும் நீலமுமாக ஏரி, பின்னால் சீடார்க் காடு, காட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிற ஒரு பலகை வீட்டின் கூரை. பாறையில் மூன்று பேர் நின்றார்கள். சந்திரவதனா, அவளுடைய மகள் அட்சயா, பக்கத்தில் மண்ணிற ஜக்கெற்றோடு புருசன் விமலதாசன். கீழ் மூலையில் அன்புராசாவின் பெயர் வளைத்து வளைத்து எழுதப்பட்டிருந்தது. அந்தப் பெயர் போடுகிற ஆசைதான் அவரை இன்றைக்கு இந்த நிலத்தில் விழுத்தியிருக்கிறது.

விமலதாசன் அந்தப் பாறையில் நிற்கவே இல்லை. அவன் கனடாவிலேயே இல்லை. அந்த ஒரு உண்மையை ஒருவன் நம்பும்படி செய்ய முடியாமல்தான் மனிசன் அடிவாங்கிக்கொண்டிருந்தார்.

அன்புராசாவுக்குக் கலியாண வீடுகளைக் கண்ணில் காட்டக்கூடாது. ஆனால் அவருக்குச் சோறு போட்டது கலியாண வீடுகள்தான். டோர்செட் பார்க்கில் ஒரு பிளாசாவின் பின்பக்கத்தில் ஸ்ரூடியோ. சனி ஞாயிறுகளில் மாலையும் தாலியும் கேக்கும் பிடிப்பார். திங்கட்கிழமை விடிந்தால் கடையைப் பூட்டிவிட்டு தன்னுடைய வான் வண்டியை வடக்கே விடுவார். நாலு மணித்தியாலம் ஓடினால் புரூஸ் என்றொரு குடாநாடு. ஒரு பக்கம் ஜோர்ஜியன் குடா, மற்றப் பக்கம் ஹியூரன் ஏரி, நடுவில் காடும், காட்டுக்குள் பெயர் கேட்டால் அந்த ஊர்க்காரருக்கே தெரியாத சின்ன ஏரிகளும். ஒரு குடாநாட்டில் பிறந்தவன் இன்னொரு குடாநாட்டில் போய்ப் பைத்தியமாய் நிற்கிறான் என்று மனைவி றீற்றா பகிடி பண்ணுவாள். அவர் கேட்கமாட்டார். ஒரு முகில் நகரும்வரை அரை நாள் சேற்றில் நிற்பார். நகராவிட்டால் முகிலைத் தூசணத்தால் பேசுவார்.

அங்கே அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. வெறும் பாறையும் தண்ணீரும் எடுத்தால் படத்தில் பாறை எவ்வளவு பெரிது என்று தெரியாது. அளவுக்கு ஒரு ஆள் வேண்டும். அந்த அத்துவானக் கரையில் ஆளுக்கு எங்கே போவது? கமராவைத் தானாக அடிக்க வைத்துவிட்டு, வயிறு குலுங்கக் குலுங்க ஓடிப்போய்த் தானே பாறையில் நிற்பார். அப்படி அவர் நிற்கிற படங்கள் கொம்பியூட்டர் நிறையக் கிடந்தன.

அவருடைய கெட்டித்தனம் வேறு. எங்கள் சனத்தின் குடும்பப் படம் ஒருநாளும் நிறைவாய் இருப்பதில்லை. ஒருவர் சுவிசில், ஒருவர் லண்டனில், ஒருவர் விசா இல்லாமல் கொழும்பில். “அவரையும் ஒட்டித் தாங்கோ அண்ணை” என்று கொண்டுவருவார்கள். அதை யாரும் பொய்யென்று நினைப்பதில்லை. குடும்பமென்றால் எல்லாரும் வரிசையில் நிற்கவேண்டும், அவ்வளவுதான். அன்புராசா ஒட்டினால் ஒட்டினது தெரியாது. வெளிச்சம், நிழல், கழுத்து மடிப்பு எல்லாம் சரியாய் இருக்கும். “உதிலை எது ஒட்டினது எண்டு கண்டுபிடியுங்கோ பாப்பம்” என்று வாடிக்கையாளரைச் சீண்டுவது அவருக்கு ஒரு சந்தோசம்.

மாசி மாதம் சந்திரவதனா வந்தாள். சமாதானக் காலத்தில் தகப்பனைப் பார்க்கவென்று வன்னிக்குப் போன விமலதாசன் பாதை பூட்டி அங்கேயே அகப்பட்டுவிட்டான். அட்சயா அதற்குப் பிறகு பிறந்தவள். பிள்ளையின் பிறந்தநாளுக்குத் தகப்பனோடு ஒரு படம் வேண்டும் என்றாள். அவளிடம் இருந்தது கலியாணப் படம் மட்டும்தான், அதில் அவனுக்குத் தலைப்பாகையும் மாலையும். அன்புராசா முகத்தை மட்டும் வெட்டி எடுத்தார். உடம்புக்கு எங்கே போவது என்று தேடினபோது புரூஸ் பாறையில் மண்ணிற ஜக்கெற்றோடு தானே நிற்கிற படம் அகப்பட்டது. தன் தலையை எடுத்துவிட்டு விமலதாசனின் தலையை வைத்தார். தாயையும் பிள்ளையையும் ஸ்ரூடியோவில் எடுத்துப் பக்கத்தில் நிறுத்தினார். வேலை முடிந்தபோது அவருக்கே மெய் சிலிர்த்தது. அப்படி ஒரு குடும்பம் அந்த ஏரிக்கரையில் நின்றதை அவர் தன் கண்ணால் கண்டதுபோல இருந்தது.

வைகாசியில் வன்னிச் சண்டை முடிந்தது. ஸ்காபரோ முழுக்க ஒரே செத்தவீடு. யார் இருக்கிறார், யார் இல்லை என்று தெரியாமலே சனம் வீடு வீடாய்ப் போய் அழுதது. சந்திரவதனாவின் அப்பார்ட்மென்டுக்கும் ஒரு கூட்டம் போயிற்று. அவள் பொட்டை அழிக்கவில்லை, அழவும் இல்லை. வந்தவர்கள் அவளுக்காக அழத் தொடங்கினார்கள். அப்போது அழ வந்த மங்கையற்கரசி அன்ரி சுவரில் படத்தைக் கண்டுவிட்டு, “உவர் எப்ப பிள்ளை வந்தவர்?” என்று கேட்டா.

ஒட்டின படம் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொன்னால் அழுகை திரும்பத் தொடங்கும். அட்சயா கதவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “போன மாதம்” என்று சொல்லிவிட்டாள் சந்திரவதனா. அழ வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். போகிற வழியிலேயே ஊருக்குச் சொல்லிக்கொண்டு போனார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட ஏலுமா? அன்று பின்னேரமே அவள் அன்புராசாவுக்கு ஃபோன் எடுத்து அழுதாள்.

“ஆரும் கேட்டால் ஓம் எண்டு சொல்லுங்கோ அண்ணை. கொஞ்ச நாளைக்கு. என்ரை வீட்டிலை செத்தவீடு வேண்டாம்.”

அவர் “சரி பிள்ளை” என்றார்.

அடுத்த திங்கட்கிழமை காலை, வானில் சாமான் ஏற்றிக்கொண்டிருக்கும்போது கஜீவன் வந்தான். முதலில் வலு அமைதியாய்த்தான் வந்தான். கக்கத்தில் அந்தப் படம். “ஆள் வீட்டிலை இல்லை” என்று மட்டும் சொன்ன சந்திரவதனா கத்தக் கத்தச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்திருக்கிறான் என்பது பிறகுதான் தெரிந்தது.

“அண்ணை, விமலண்ணை வந்திட்டாராமே?”

“ஓம்” என்றார் அன்புராசா.

அந்த ஒரு சொல்லுக்குக் கஜீவனின் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்கவேண்டும். ஸ்ரூடியோவுக்குள் வந்து கதிரையில் தொப்பென்று இருந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அவனுடைய தம்பி தவசீலன் பங்குனி மாதம் கடைசியாய் ஃபோன் எடுத்தவன். “விமலண்ணையோடைதான் நிக்கிறன். அவர் வெளிக்கிட்டால் நானும் வெளிக்கிடுவன்” என்று சொன்னவன். அதற்குப் பிறகு சத்தமில்லை. விமலதாசன் உயிரோடு என்றால் தவசீலனும் உயிரோடுதான். குறைந்தது எங்கே விட்டுவிட்டு வந்தார் என்றாவது சொல்வார்.

ஒரு பெண்ணுக்காகச் சொன்ன பொய் இன்னொரு வீட்டில் உயிராய் எழும்பி நிற்கிறது. அன்புராசா உடனே உண்மையைச் சொல்லிவிட்டார். அது ஒட்டினது, ஆள் வரவில்லை, சந்திரவதனா கேட்டபடியால் ஓம் என்றேன்.

கஜீவன் முகத்திலிருந்து கையை எடுத்தான். சிரிப்பு அப்படியே இருந்தது, கண்தான் மாறிவிட்டது. “இப்பத்தானே அண்ணை ஓம் எண்டனியள்” என்றான். அவருடைய சேட்டுக் கொலரைப் பிடித்து எழுப்பினான். “ஆளை ஒளிச்சு வைச்சிருக்கிறியள். தம்பியை விட்டிட்டு ஓடி வந்தபடியால் முகம் காட்டப் பயம் அவனுக்கு.” அப்படித்தான் ஸ்ராண்டை எடுத்தான்.

நிலத்தில் கிடந்தபடியே அன்புராசா கொம்பியூட்டரைக் காட்டினார். “உதிலை இருக்கு. ஒட்டுறதுக்கு முந்தின படம். பார் தம்பி.” கஜீவன் அவரைத் தூக்கிக் கதிரையில் எறிந்தான். வாயிலிருந்து வழிந்த இரத்தம் விசைப்பலகையில் சொட்டச் சொட்ட அவர் தேடி எடுத்தார். அதே பாறை, அதே ஏரி, அதே மண்ணிற ஜக்கெற். தலை மட்டும் அன்புராசாவின் தலை.

கஜீவன் கிட்டக் குனிந்து வடிவாய்ப் பார்த்தான்.

“உங்கடை தலையை ஒட்டியிருக்கிறியள்” என்றான்.

ஒட்டினது தெரியாமல் ஒட்டுகிறவர் என்று ஸ்காபரோ முழுக்கப் பெயர் எடுத்தது அவர்தானே. உண்மையும் பொய்யும் ஒரே கையால் வந்தால் பார்க்கிறவன் தனக்குப் பிடித்ததைத்தான் உண்மை என்பான். அன்புராசா வாய் திறந்தார். அந்த வாயிலேயே ஒரு குத்து விழுந்தது. முன்பல்லு ஒன்று ஆடியது.

“அந்தப் பலகை வீட்டிலைதானே வைச்சிருக்கிறியள்? நடவுங்கோ. இப்பவே போவம்.”

அன்புராசாவே வானை ஓட்டினார். ஒரு கண் வீங்கி மூடத் தொடங்கியிருந்தது. பக்கத்தில் கஜீவன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, உடைந்த ஸ்ராண்ட் காலைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தான். மார்க்கம் நகரைத் தாண்டி, வீடுகள் குறைந்து, உழுத வயல்கள் வந்தன. வழியில் வானுக்கு எண்ணெய் அடிக்க நிறுத்தினபோது அவர் இறங்கி ஓடியிருக்கலாம், கத்தியிருக்கலாம். செய்யவில்லை. ஆளில்லாத அந்தக் கரையைக் கண்டால் இவன் நம்புவான் என்று நினைத்தார். அதோடு, கோபமும் இருந்தது. அவர் வேலையை ஒருவன் இவ்வளவு தூரம் நம்பியதும், அவரை மட்டும் நம்பாததும் அவருக்குப் பொறுக்கவில்லை. கஜீவன் கடைக்குள் போய் இரண்டு கோப்பியோடு வந்தான். ஒன்றை அவரிடம் நீட்டினான்.

“சீனி போட்டிருக்கு அண்ணை.”

வெடித்த உதட்டில் கோப்பி பட்டு எரிந்தது. வழிநெடுகக் கஜீவன் தம்பியைப் பற்றியே கதைத்தான். தம்பி தன்னிலும் உயரமாம். சிரிக்கும்போது ஒரு தோளைத் தூக்குவானாம். கனடாவுக்கு எடுப்பிக்கிறேன் என்று தான் சொல்லிச் சொல்லி நாலு வருடம் போய்விட்டதாம். சொல்லிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று ஸ்ராண்ட் காலால் வானின் முன்பெட்டியில் ஒரு போடு போடுவான். பிறகு திரும்பவும் மெல்லக் கதைப்பான்.

பின்னேரம் போய்ச் சேர்ந்தார்கள். ஒற்றையடிப் பாதையில் சீடார் வேர்களுக்கு மேலால் அவரைத் தள்ளிக்கொண்டு போனான். இலையான்கள் காதுக்குள் புகுந்து கடித்தன. காடு திறந்ததும் அந்தக் கரை. பாறைப் பிளவுகளில் பழைய பனி இன்னும் கிடந்தது. தண்ணீர் அடிவரை தெரிந்தது. மேற்கே முகில் விலகி வெயில் பாறையில் சாய்வாய் விழுந்துகொண்டிருந்தது. இந்த வெயிலுக்காக அன்புராசா எத்தனை திங்கட்கிழமை காத்திருந்திருப்பார். இன்றைக்கு அது தானாய் வந்து நிற்கிறது, அவருக்கோ நிமிர்ந்து நிற்க ஏலாது.

கஜீவன் படத்தை உயர்த்திப் பிடித்து அதையும் இடத்தையும் மாறி மாறிப் பார்த்தான். எல்லாம் இருந்தன. பாறை இருந்தது, மரம் இருந்தது, கூரை இருந்தது. அவன் பலகை வீட்டை நோக்கி ஓடினான். பூட்டு. காலால் உதைத்தான். மூன்றாம் உதையில் கதவு பிணைச்சலோடு பிய்ந்து உள்ளே விழுந்தது. அது வீடே இல்லை, படகு வைக்கிற கொட்டில். கவிழ்த்துப்போட்ட ஒரு வள்ளம், எலிப்புழுக்கை, போன வருடத்துத் தூசு. மனிசர் கால் பட்ட தடம்கூட இல்லை.

“விமலண்ணை” என்று காட்டைப் பார்த்துக் கூப்பிட்டான். பிறகு, “தவம்” என்று தம்பியை. குரல் தண்ணீரில் போய் அடித்துத் திரும்பி வந்தது.

“நான் சொன்னனான்தானே தம்பி” என்றார் அன்புராசா.

சொல்லியிருக்கக்கூடாது. கஜீவன் திரும்பி வந்து அவரை நெஞ்சில் உதைத்தான். விலாவுக்குள் ஏதோ முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது. பாறையில் மல்லாக்க விழுந்தவரை இழுத்து, இடது கையைப் பிடித்துக் கல்லில் விரித்து வைத்து, முழங்காலால் அழுத்தினான். மற்றக் கையால் ஒரு கல்லைத் தூக்கினான். தேங்காயளவு கல்.

“எங்கை மாத்தினியள்? சொல்லாட்டி இந்தக் கை இனிப் படம் பிடியாது அண்ணை.”

அன்புராசா அழுதார். அவர் வாழ்க்கையில் இவ்வளவு பயந்ததில்லை. பொய்யாவது சொல்லிவிடலாம் என்று ஒரு இடத்தின் பெயரைத் தேடினார். ஒன்றும் வாயில் வரவில்லை. கல் மேலே போனது. கண்ணை மூடிக்கொண்டார்.

கல் விழவில்லை.

கண்ணைத் திறந்தபோது கஜீவன் அவருடைய விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். சின்னவிரலை. பள்ளிக்கூடத்தில் கிரிக்கெட் பந்து பட்டு முறிந்து, ஒட்டகப்புலத்துப் பரியாரியார் கோணலாய்க் கட்டிவிட்ட விரல். மற்ற விரல்களோடு சேராமல் வெளிப்பக்கம் வளைந்து நிற்கும். கஜீவன் கல்லைப் பிடித்தபடியே பக்கத்தில் கிடந்த படத்தை மற்றக் கையால் இழுத்தான். விமலதாசனின் மண்ணிற ஜக்கெற். கீழே தொங்குகிற இடது கை. அந்தக் கையில் வெளிப்பக்கம் வளைந்த சின்னவிரல்.

முகம், கழுத்து, நிழல் எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தவர் கையை மறந்துபோயிருந்தார். தன்னுடைய கைதானே, கண்ணில் படவில்லை.

கஜீவன் படத்தைப் பார்த்தான், விரலைப் பார்த்தான், வீங்கிக் கிடந்த அந்த முகத்தைப் பார்த்தான்.

“நீங்கள்தான் இது” என்றான்.

“ஓம் தம்பி.”

“காலமை துவக்கம் நான் தேடினவனைத்தான் அடிச்சுக்கொண்டிருந்திருக்கிறன்.”

“ஓம்.”

“அப்ப தவம்?”

கஜீவன் கல்லைத் தூக்கினான். அன்புராசா கையை இழுத்துக்கொண்டார். அவன் அந்தக் கல்லால் தன்னுடைய நெற்றியில் அடித்தான். ஒருக்கால், இன்னொருக்கால். இரத்தம் குபுக்கென்று வந்து கண்ணை மூடியது. மூன்றாம் அடிக்கு அன்புராசா முறிந்த விலாவோடு பாய்ந்து அவனைக் கட்டிப்பிடித்தார். இருவரும் உருண்டார்கள். படத்துக்கு மேல் விழுந்ததில் கண்ணாடி நொறுங்கியது. கஜீவன் அவரை உதறினான், கடித்தான், முழங்கையால் இடித்தான். அவர் விடவில்லை. காலையிலிருந்து வாங்கின அடியெல்லாம் ஒன்றுமில்லை, இது நோகிறது என்று அவருக்குத் தோன்றியது. கடைசியில் கல் அவன் கையிலிருந்து நழுவித் தண்ணீருக்குள் போனது. அவன் அவருடைய மடியில் முகத்தை வைத்து மாடு கதறுவதுபோலக் கதறினான்.

வெயில் இன்னும் பாறையில்தான் கிடந்தது. கனநேரம் கழித்துக் கஜீவன் எழும்பித் தண்ணீரில் கையை நனைத்தான். முகத்தைக் கழுவவில்லை. பின்பொக்கற்றிலிருந்து பேர்ஸை எடுத்து, அதற்குள்ளிருந்து ஒரு சின்னப் படத்தை எடுத்து நீட்டினான். அடையாள அட்டைக்குப் பிடித்த படம். மீசை முளைக்கிற வயது.

“இவனையும் ஒட்டித் தாங்கோ அண்ணை.”

“மாட்டன்” என்றார் அன்புராசா. “ஒண்டு ஒட்டி நான் பட்டது காணும். அந்தப் பிள்ளை சந்திரவதனா பொய்க்கு மேலை பொய் சொல்லிக்கொண்டு நிக்குது. போதும்.”

“நான் சுவரிலை கொழுவ மாட்டன். ஆருக்கும் வந்திட்டான் எண்டு சொல்லவும் மாட்டன். கூட்டிக்கொண்டு வாறன் எண்டு சொன்னனான் அண்ணை. ஒருக்கால் இஞ்சை நிக்கட்டும்.”

அன்புராசா அந்தச் சின்னப் படத்தை வாங்கிப் பார்த்தார். வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து விழுந்திருந்தது. இந்தப் பாறையிலும் இப்போது இடப்பக்கத்திலிருந்துதான் விழுகிறது. அதைக் கவனித்த தன் கண்ணின்மேல் அவருக்கு வெறுப்பாய் இருந்தது. ஆனாலும் வானுக்கு நொண்டிக்கொண்டு போய்க் கமராவை எடுத்துவந்தார். ஸ்ராண்ட் இல்லை. ஒரு கண் முற்றாய் மூடிவிட்டது. கமராவுக்கு ஒரு கண் போதும்.

அவர் கமராவை ஒரு கல்லில் வைத்துவிட்டு, தன் பழக்கத்தில் பாறையை நோக்கி நடந்தார். கஜீவன் மறித்தான்.

“தவத்துக்கு உங்கடை உயரம் காணாது அண்ணை. என்ரை உயரமும் காணாதுதான். ஆனால் நான் நிக்கிறன்.”

அவன் போய்ப் பாறையில் நின்றான். ஒரு சின்னக் கல்லை உருட்டிவந்து போட்டு அதன்மேல் ஏறினான். இடது தோளைக் கொஞ்சம் தூக்கினான். பிறகு அதை இறக்கிவிட்டு, யோசித்து, வலது தோளைத் தூக்கினான். பின்னால் ஏரி அசையாமல் கிடந்தது.

“முகத்தைக் கழுவு தம்பி” என்றார் அன்புராசா. “முழுக்க இரத்தம்.”

“பரவாயில்லை அண்ணை, எடுங்கோ. முகம் தேவையில்லைத்தானே.”